சிந்தெடிக்கா? மினரலா? – ஊர் கேட்கும் கேள்வி

(இயந்திரவியல் துறை, இறுதியாண்டு மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நட்பு, காதல், நாளைய இந்தியா என்று நல்ல நல்ல தலைப்புகளை எல்லாம் நண்பர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது எண்ணெய்! சிரிக்க வேண்டாம். எண்ணெயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊரில் இது சோற்றுப் பிரச்சினை.

நான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துப் பையன். அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். ஓட்டுகிறாரே தவிர டிராக்டர் அவருடையது அல்ல. வண்டி ஓடினால்தான் அவருக்குக் கூலி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மெக்கானிக்கல் சேர்ந்த நாளிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும், "தம்பி, நீ மிஷின் படிப்புதானே படிக்கிற?" என்று ஆரம்பிக்கிறார்கள். மோட்டார் ஏன் சுடுது, பம்பு செட்டு ஏன் தண்ணி எடுக்கல என்று பல கேள்விகள் வரும். இப்போது கொஞ்ச நாளாக அதிகம் வருகிற கேள்வி இதுதான்: "டிராக்டர் லிப்டுக்கு சிந்தெடிக் ஆயில் ஊத்தச் சொல்றாங்களே, விலை மூணு மடங்கா இருக்கு. ஊத்தலாமா, வேண்டாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் சேற்றில் உழுகிற சாதாரண டிராக்டருக்கு, கம்பெனி கையேட்டில் சொன்ன தரத்தில் உள்ள மினரல் எண்ணெயே போதும். அதை நேரத்துக்கு மாற்ற வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஆயில் சீலும் பில்டரும் வாங்கிப் போட வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணெய்க்கு என்ன வேலை?

ஆரம்ப காலத்து டிராக்டர்கள் கலப்பையை வண்டி மாதிரி பின்னால் கட்டி இழுத்தன. கலப்பை ஏதாவது வேரிலோ பாறையிலோ மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் எகிறி ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். எத்தனையோ பேர் இப்படி இறந்திருக்கிறார்கள். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர்தான் கலப்பையை மூன்று இடத்தில் பிணைத்து, ஹைட்ராலிக் சக்தியால் தூக்கி இறக்கி, ஆழத்தையும் தானாகவே கட்டுப்படுத்தும் முறையை உருவாக்கினார். 1939-ல் போர்டு கம்பெனியின் 9என் டிராக்டரோடு அந்த முறை பெரிய அளவில் பரவியது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டரைத்தான் தயாரிக்க ஆரம்பித்தது. அந்தப் பெயரில் இருக்கிற பெர்குசன் இவரேதான். இன்று நம் ஊரில் எந்தக் கம்பெனி டிராக்டரை எடுத்தாலும் பின்னால் இருப்பது அவர் கொடுத்த மூன்று முனைப் பிணைப்புதான்.

பல டிராக்டர்களில் லிப்டுக்கென்று தனி எண்ணெய் கிடையாது. கியர் பாக்ஸ், டிபரென்ஷியல், லிப்ட், எண்ணெயில் மூழ்கிய பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி, ஒரே எண்ணெய். மாடலுக்கு மாடல் 30 லிட்டரிலிருந்து 60 லிட்டர் வரை பிடிக்கும். இந்த ஒரே எண்ணெய் எத்தனை வேலை பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பம்பு கொடுக்கிற அழுத்தத்தை லிப்ட் சிலிண்டருக்குக் கொண்டு போக வேண்டும். கியர் பற்கள் உரசாமல் காக்க வேண்டும். சூட்டை இழுத்து வெளியே விட வேண்டும். பிரேக் தட்டுகளை மட்டும் வழுக்க விடக் கூடாது! கியரில் வழுக்கணும், பிரேக்கில் வழுக்கக் கூடாது. இரண்டையும் ஒரே எண்ணெய் செய்யணும். இதற்காகவே தனியாகக் கலந்து தயாரிக்கிற எண்ணெய்க்கு யு.டி.டி.ஓ. என்று பெயர். டிராக்டரின் டிரான்ஸ்மிஷனுக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவான எண்ணெய் என்று அர்த்தம்.

இது தெரியாததால் இரண்டு தப்பு நடக்கிறது. சிலர், "ஹைட்ராலிக்தானே" என்று பட்டறை மிஷினுக்கு ஊற்றும் 68 நம்பர் ஆயிலை வாங்கி ஊற்றுகிறார்கள். லிப்ட் தூக்கும், சந்தேகமில்லை. ஆனால் கியர் பல்லைக் காக்கிற மருந்தும், பிரேக்குக்கு வேண்டிய மருந்தும் அதில் இருக்காது. பிரேக் மிதித்தால் கர்ர்ரென்று சத்தம் வரும். வேறு சிலர், "கியர் பாக்ஸ்தானே" என்று லாரி கிரவுனுக்கு ஊற்றும் கெட்டியான 90 ஆயிலை ஊற்றுகிறார்கள். அதை இழுத்து அனுப்ப லிப்ட் பம்பு திணறும். ஆக, முதல் கேள்வி சிந்தெடிக்கா மினரலா என்பதே அல்ல. நம் டிராக்டருக்கு என்ன தரம் எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தரம் தப்பாக இருந்தால் விலை உயர்ந்த சிந்தெடிக்கும் தப்புதான்.

டப்பாவில் எழுதியிருப்பது

மினரல் எண்ணெய் என்பது பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்வது. சிந்தெடிக் என்பது சிறிய மூலக்கூறுகளை ரசாயன முறையில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவது. மினரலில் பெரியது, சின்னது, நெட்டை, குட்டை என்று எல்லா மூலக்கூறும் கலந்து இருக்கும். ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி! சிந்தெடிக்கில் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். என்.சி.சி. அணிவகுப்பு மாதிரி. அதனால் சூட்டையும் குளிரையும் அது நன்றாகத் தாங்குகிறது. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் "சிந்தெடிக்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது இதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. அடிப்படை எண்ணெய்களை 5 பிரிவாகப் பிரித்திருக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. நான்காவது பி.ஏ.ஓ. என்கிற கட்டிச் செய்த எண்ணெய். மீதி எல்லாம் ஐந்தாவது. இதில் மூன்றாம் பிரிவு, ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்தது. பிறப்பால் மினரல், குணத்தால் கிட்டத்தட்ட சிந்தெடிக். இதை சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் மொபில் கம்பெனிக்கும் காஸ்ட்ரால் கம்பெனிக்கும் தகராறு வந்தது. அங்குள்ள விளம்பரத் துறையின் தீர்ப்புக் குழு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு மூன்றாம் பிரிவு எண்ணெயும் சிந்தெடிக் என்ற பெயரில் தாராளமாக விற்பனைக்கு வந்தது. அது கெட்ட எண்ணெய் அல்ல, நல்ல எண்ணெய்தான். நான் சொல்ல வருவது, ஒரு வார்த்தைக்காக மூன்று மடங்கு காசு கொடுக்கும்போது அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டாமா?

வெயிலும் பனியும்

நம் பாடத்தில் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் என்று ஒன்று வரும். மூன்று மார்க் கேள்வி. நாமும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுகிறோம். எங்கள் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சூடானதும் எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் தண்ணியாகிறது என்பதற்கு ஓர் எண். எண் பெரிதாக இருந்தால் கெட்டித்தன்மை சட்டென்று மாறாது. சாதாரண மினரலுக்கு 100-ஐ ஒட்டி இருக்கும். பி.ஏ.ஓ. சிந்தெடிக்குக்கு 130-க்கு மேல் போகும்.

கேட்க ரொம்பப் பெரிய வித்தியாசம் மாதிரி இருக்கிறது அல்லவா? கணக்கில் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 46 என்றால் 40 டிகிரி சூட்டில் அந்த எண்ணெயின் பாகுநிலை 46 சென்டிஸ்டோக். இரண்டு எண்ணெயும் இந்த இடத்தில் ஒன்றுதான். 100 டிகிரிக்குச் சூடாக்கினால் மினரல் சுமார் 6.8-க்கு இறங்கும். பி.ஏ.ஓ. ஏறக்குறைய 8-ல் நிற்கும். வித்தியாசம் ஒன்று, ஒன்றேகால். சாதாரண உழவில் டிராக்டரின் பின்தொட்டி எண்ணெய் 100 டிகிரியைத் தொடுவதே அபூர்வம். சேற்றில் ஓடும்போது பாதிச் சக்கரம் தண்ணீரில்தான் இருக்கிறது.

சிந்தெடிக்கின் பெரிய பலம் குளிரில் இருக்கிறது. பி.ஏ.ஓ. மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே ஓடும். கனடாவிலும் பின்லாந்திலும் பனியில் நிறுத்திய டிராக்டரைக் காலையில் கிளப்ப அது வேண்டும். வேண்டியதுதான். நம் ஊரில் மார்கழிப் பனியில்கூட 20 டிகிரி இருக்கிறது. வராத பனிக்குக் கம்பளி வாங்கி வைப்பானேன்?

சூட்டு விஷயத்தில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் நல்ல சூட்டில் இருக்கும்போது மேலும் 10 டிகிரி ஏறினால் அது கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு பொதுக்கணக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சிந்தெடிக் அதிக நாள் தாங்கும். ஆனால் எங்கள் ஊரில் லிப்ட் எண்ணெய் வயதாகிச் சாவதில்லை. அதற்கு முன்பே வேறு ஒன்று வந்து கொன்றுவிடுகிறது.

உண்மையான எதிரி

அந்த எதிரி தண்ணீர். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அது தள்ளிப்போனால் சம்பா. எதுவானாலும் வாய்க்காலில் முறைத்தண்ணி வருகிற சில நாளைக்குள் சேடை ஓட்டியாக வேண்டும். டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டி இரவும் பகலும் சேற்றில் இறக்குகிறார்கள். அச்சு வரைக்கும் தண்ணீர். அச்சு சீல் தேய்ந்திருந்தால் உள்ளே போகும். லிப்ட் தண்டின் சீல் வழியாகப் போகும். மூடி சரியில்லாத டிப் ஸ்டிக் வழியாகப் போகும். பகலெல்லாம் சூடாக இருந்த தொட்டி ராத்திரி ஆறும்போது பிரீதர் வழியாக ஈரக்காற்றை உறிஞ்சும். வேலை முடிந்ததும் வேகமான தண்ணீரை சீல் மேலேயே பீய்ச்சிக் கழுவுகிறோம், அதிலும் போகும்.

தண்ணீர் கலந்த எண்ணெய் பால் மாதிரி ஆகிவிடும். இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய்ப் படலம் அறுந்து கியரும் பேரிங்கும் தேயும். லிப்ட் ஏறாது, ஏறினாலும் நடுங்கும். இந்த இடத்தில் மினரல், சிந்தெடிக் என்ற சாதி வித்தியாசம் தண்ணீருக்குக் கிடையாது. இரண்டையும் ஒரே மாதிரிதான் கெடுக்கிறது. சொல்லப் போனால் எஸ்டர் வகை சிந்தெடிக் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலமாகவே சிதையும்.

இரண்டாவது எதிரி தூசி. மனிதக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் குறைவான துகள் தெரியாது. பம்புக்குள் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான். ஆக, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற எண்ணெயே பம்பை அரைத்துக்கொண்டிருக்கலாம். மூடாத வாளியில் பிடித்து, வைக்கோல் தூசியோடு ஊற்றினால் எந்த எண்ணெய் என்ன செய்யும்?

எங்கள் அப்பா ஓட்டுகிற டிராக்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி ஐயா ஒரு கடையில் கேட்டிருக்கிறார். "இத ஊத்துங்க, அஞ்சு வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்று சொல்லி சிந்தெடிக் எண்ணெயைக் கொடுத்திருக்கிறார்கள். அச்சு சீல் கசிகிறதா என்று கடையில் யாரும் கேட்கவில்லை. சம்பா சேடை முடிவதற்குள் எண்ணெய் பாலாகிவிட்டது. லிப்ட் நின்றது. எல்லாவற்றையும் இறக்கி, சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்ற நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் முறைத்தண்ணி வயலில் ஏறி நின்று வடிந்துபோனது. சேடை ஓட்டக் காத்திருந்தவர்களின் நாற்று முற்றியது. அப்பாவுக்கு நான்கு நாள் கூலி கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. "அவ்வளவு விலை போட்டு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன், நீதான் தண்ணியில ரொம்ப நேரம் நிறுத்திக் கெடுத்துட்ட" என்று பழி அவர் மேல் விழுந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் நின்றார். சேற்றில் ஓட்டத்தான் டிராக்டர், தண்ணீரைத் தடுக்க வேண்டியது சீல், எந்த எண்ணெயும் சீலின் வேலையைச் செய்யாது என்று சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. எண்ணெய் செலவே தவிர பிள்ளை பிழைத்தபாடில்லை என்று ஒரு பழமொழி உண்டு. அன்றைக்குத்தான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு, தொட்டி 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மினரல் லிட்டர் 250 ரூபாய் என்றால் 10,000 ரூபாய். சிந்தெடிக் அதைப் போல் மூன்று மடங்கு என்றால் 30,000 ரூபாய். வித்தியாசம் 20,000. இந்தப் பணம் திரும்பி வர வேண்டும் என்றால் சிந்தெடிக் மூன்று மடங்கு நாள் உழைக்க வேண்டும். பல டிராக்டர்களின் கையேட்டில் இந்த எண்ணெயை 1000 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்து வாடகை வண்டிக்கு அது ஏறக்குறைய ஒரு வருஷம். மூன்று மடங்கு என்றால் மூன்று வருஷம். அதற்குள் ஆறு முறையாவது சேற்றில் இறங்கி ஏற வேண்டும். சீல் ஒருமுறை கசிந்தால் போதும், 30,000 ரூபாயும் சேற்றோடு போச்சு. மினரல் கெட்டால் 10,000-தோடு போகும்.

அந்த 20,000 ரூபாயில் என்னென்ன செய்யலாம்? இரண்டு பக்க அச்சு சீலையும், லிப்ட் தண்டின் சீலையும் சேடைக்கு முன்னால் மாற்றலாம். பில்டர் புதிதாகப் போடலாம். அப்புறமும் இன்னொரு தடவை மினரல் எண்ணெய் மாற்றப் பணம் மிஞ்சும்! குறுவை முடிந்ததும் ஒருமுறை, சம்பா முடிந்ததும் ஒருமுறை மாற்றினாலும் சிந்தெடிக் விலை வராது. அடிக்கடி மாற்றுகிற சாதாரண எண்ணெய், மாற்றாமல் கிடக்கிற உசத்தி எண்ணெயைவிட மேல் என்பது என் கட்சி.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். ரப்பர் சீல் மினரல் எண்ணெயில் கொஞ்சம் உப்பி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பி.ஏ.ஓ. அப்படி உப்ப வைக்காது. அதனால்தான் கம்பெனிகள் அதில் வேறு பொருள் கலந்து சரிக்கட்டுகின்றன. இருந்தாலும் தேய்ந்துபோன சீலில் எண்ணெய் வகையை மாற்றினால் இதுவரை கசியாத இடம் கசிய ஆரம்பிக்கலாம். இது சீலின் தப்பு, எண்ணெயின் தப்பல்ல. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஏச்சு வாங்குவது டிரைவர்.

சிந்தெடிக் எங்கே வேண்டும்?

நான் சிந்தெடிக்குக்கு எதிரி அல்ல. அது தேவைப்படும் இடத்தில் காசைப் பார்க்கக் கூடாது. அறுவடைக்கு வருகிற பெரிய மிஷின்களில் பலவற்றில் சக்கரம் ஓடுவதே ஹைட்ராலிக் மோட்டாரால்தான். கிளப்பினால் இரவு வரைக்கும் அழுத்தம் குறையாது, எண்ணெய் கொதிக்கும். மண் அள்ளுகிற மிஷினும் அப்படியே. அவற்றுக்குத் தனித் தொட்டி, தனிப் பில்டர், தண்ணீரில் முங்காத அமைப்பு. அங்கே சிந்தெடிக் தன் முழு ஆயுளையும் வாழ முடியும், போட்ட காசும் திரும்பும். அதே மாதிரி கம்பெனி கையேட்டில் இந்தத் தரம்தான் வேண்டும் என்று போட்டு, அந்தத் தரம் சிந்தெடிக்கில் மட்டும் கிடைத்தால் மறு பேச்சில்லை. குறிப்பாக வாரண்டி இருக்கிற புது வண்டிக்குக் கையேடுதான் சட்டம்.

எதிர்ப்பக்கத்தில் சில பெரியவர்கள், "எந்த எண்ணெயா இருந்தா என்ன தம்பி, எண்ணெய் எண்ணெய்தானே. எங்க காலத்துல கிடைச்சத ஊத்தி ஓட்டினோம்" என்கிறார்கள். அவர்கள் ஓட்டிய டிராக்டரில் பிரேக் வெளியே, உலர்ந்த நிலையில் இருந்தது. இன்று பல டிராக்டர்களில் பிரேக் எண்ணெய்க்குள் இருக்கிறது. வண்டி மாறிவிட்டது, எண்ணெயும் மாறித்தான் ஆக வேண்டும். விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத டிரம்மில் அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்குவது நான் சொல்லும் மினரல் அல்ல. தரம் எழுதி, மூடி முத்திரையோடு இருப்பதைத்தான் சொல்கிறேன்.

பவர் ஸ்டியரிங் குறைகிறது என்று அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலுக்கு வேறு ரப்பர், மினரல் எண்ணெய்க்கு வேறு ரப்பர். இரண்டும் சேர்ந்தால் சீல் கூழாகிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே, இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் டப்பாவில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். தரம், நம்பர், எச்சரிக்கை எல்லாம் ஆங்கிலம். அதைத் தினமும் தொடுகிறவருக்கு அது ஒரு படம் மாதிரிதான். கடைக்காரர் சொல்வதே வேதம். கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவருக்கு விற்க வேண்டும். அவருக்குச் சொன்னவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். நடுவில் படித்தவன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் எங்கே போனான்?

நாம் ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் பாஸ்கல் விதி எழுதுகிறோம். பம்பு படம் வரைந்து பாகம் குறிக்கிறோம். ஆய்வகத்தில் பாகுநிலை அளக்கிறோம். எல்லாம் சரி. ஆனால் ஊரில் ஒருவர் டப்பாவைக் கையில் கொடுத்து, "இது நம்ம வண்டிக்கு ஆகுமா?" என்று கேட்டால் ஆகும், ஆகாது என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தால்தான் நாம் படித்தது படிப்பு. நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் படிப்பாளி. நமக்கு மார்க் போடுவது பல்கலைக்கழகமோ போர்டோ மட்டும் அல்ல, ஊரும்தான்.

ஆகவே பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் மே மாதத்தில், சேடை தொடங்குவதற்கு முன், நம் கல்லூரி மெக்கானிக்கல் மாணவர்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒருநாள் டிராக்டர் எண்ணெய் முகாம் நடத்த வேண்டும். பெரிய செலவு கிடையாது. வேண்டியது கண்ணாடிப் பாட்டில்களும் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையும்தான்.

பாட்டில் எதற்கு என்றால், சோதனை செய்ய. வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டி, எண்ணெய் கலங்கிய பிறகு சுத்தமான பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். வெறும் காற்றுக் குமிழி என்றால் கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்துவிடும். தெளியாமல் பால் மாதிரியே நின்றாலோ, மறுநாள் அடியில் தண்ணீர் தங்கினாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெயை மாற்றுவதோடு எங்கே சீல் போயிருக்கிறது என்றும் தேட வேண்டும். இந்தச் சோதனைக்குப் படிப்பே வேண்டாம், பொறுமை போதும்.

துண்டறிக்கையில் இவ்வளவு இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்:

கையேட்டில் உள்ள தரத்தை ஒரு தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டு போகவும். எண்ணெயின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம், தரத்தைச் சொல்லிக் கேட்கவும்.

பழைய எண்ணெயை வண்டி சூடாக இருக்கும்போதே இறக்கவும். அழுக்கும் சேர்ந்து வெளியேறும். பில்டரையும் வலையையும் கவனிக்கவும்.

எண்ணெய் டிரம்மை மழையில் நிமிர்த்தி வைக்க வேண்டாம். மேலே தேங்கும் தண்ணீரை மூடி வழியாக உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் படுக்க வைத்து, இரண்டு மூடியும் இடமும் வலமும் வருகிற மாதிரி வைக்கவும்.

வகை மாற்ற விரும்பினால் பழையதை முழுதும் இறக்கிவிட்டு மாற்றவும். பாதி அது, பாதி இது என்று கலந்தால் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை.

சேடைக்கு முன் சீல், சேடைக்குப் பின் எண்ணெய். இரண்டையும் பார்க்கவும்.

இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம். அந்தத் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது. கேனில் பிடித்து வைத்து, உரிமம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுக்கவும்.

இதை முதலாளிகளிடம் மட்டும் கொடுக்காமல், டிரைவர்களின் கையில் கொடுக்க வேண்டும், படித்தும் காட்ட வேண்டும் என்பது என் தனி வேண்டுகோள். எண்ணெய் வாங்குகிறவர் ஒருவர், வண்டி நின்றால் கூலி இழக்கிறவர் இன்னொருவர். இழக்கிறவருக்கும் காரணம் தெரிய வேண்டும். அப்போதுதான், "ஐயா, இதுக்கு எண்ணெய் போதாது, சீல் மாத்தணும்" என்று அவரால் நிமிர்ந்து சொல்ல முடியும். அதற்குள் அடுத்த குறுவையே வந்துவிடும் என்று தள்ளிப்போட வேண்டாம். செயலாளர் அண்ணன் தேதி குறிக்கட்டும், பாட்டில் சேகரிக்கும் பொறுப்பை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. துண்டறிக்கையை நான் எழுதித் தருகிறேன். பிழை இருந்தால் ஆசிரியர்கள் திருத்தித் தர வேண்டுகிறேன்.